அரசனையும் விசாரிக்கும் நீதி: எபிரேய வேதத்தில் உண்மை தவறிய அரசர்கள் பற்றிய கேள்வி பதில்கள்

எபிரேய வேதத்தில் (பழைய ஏற்பாட்டில்) உள்ள சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகிய புத்தகங்களைப் படிக்க உட்காருகிறவர்கள் அநேகமாக ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெயர்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் இருப்பதுபோலவே தரப்பட்டுள்ளன. திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் இராஜாக்கள் என்பதை அரசர்கள் என்றும், ஆகாப் என்பதை ஆகாபு என்றும் தேடிக்கொள்ளலாம்.

இந்த அரசர்கள் எந்தக் காலத்தவர்கள்?

சவுல், தாவீது, சாலொமோன் மூவரும் ஒன்றாயிருந்த நாட்டை ஆண்டவர்கள். சாலொமோன் இறந்ததும், கி.மு. 930 வாக்கில், நாடு இரண்டாக உடைந்தது. வடக்கே பத்துக் கோத்திரங்கள் இஸ்ரவேல் என்ற பெயரை வைத்துக்கொண்டன. தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்டு யூதா நின்றது. வடநாட்டை கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் அழித்தார்கள். யூதா இன்னும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்து, கி.மு. 586இல் (சிலர் கணக்கில் 587இல்) பாபிலோனியர் கையில் விழுந்தது.

வடக்கே ஆண்ட 19 அரசர்களில் ஒருவன்கூட முழு நற்சான்று வாங்கவில்லை. தெற்கே ஒரு சிலருக்கு அரைப் பாராட்டு உண்டு. முழு மனதோடு புகழப்படுகிறவர்கள் எசேக்கியாவும் யோசியாவும்தான். தன் சொந்த அரசர்களைப் பற்றி ஒரு மக்கள் கூட்டம் இப்படி எழுதி வைத்துக்கொண்டது எனக்கு இன்றுவரை வியப்பாக இருக்கிறது. அக்கம்பக்கத்து நாடுகளின் அரச கல்வெட்டுகளில் அரசன் வென்றுகொண்டே இருப்பான்.

"கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான்" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, எதை வைத்து அளக்கிறார்கள்?

உபாகமம் 17ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு இராஜாக்களுக்கு வாருங்கள். அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. குதிரைகளைப் பெருக்கக் கூடாது. மனைவிகளைப் பெருக்கக் கூடாது. வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) நகல் ஒன்றைத் தனக்கென்று எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். தன் சகோதரர்களைவிடத் தான் உயர்ந்தவன் என்று அவன் மனம் மேட்டிமை கொள்ளக் கூடாது.

குதிரைகள் படைபலம், மனைவிகள் அரச உறவுகள், பொன் கருவூலம். அந்தக் காலத்தில் ஒரு மன்னன் பெரியவன் என்று காட்ட இந்த மூன்றும்தான் வழி. அந்த மூன்றையுமே இந்தச் சட்டம் கட்டிப்போடுகிறது. சாலொமோனுக்கு 700 மனைவிகளும் 300 மறுமனையாட்டிகளும் இருந்தார்கள் என்று 1 இராஜாக்கள் 11 சொல்லும்போது, அது வெறும் ஆடம்பரச் செய்தி அல்ல என்பது அப்போது விளங்கும். அந்த அதிகாரத்திலேயே அகியா என்ற தீர்க்கதரிசி புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்துத் துண்டை, பின்னால் வடநாட்டின் முதல் அரசனான யெரொபெயாமிடம் கொடுக்கிறார். நாடு உடையப்போகிறது என்ற அறிவிப்பு அதுதான்.

அரசனின் திறமைக்கு இந்த அளவுகோலில் மதிப்பெண் இல்லை. வடநாட்டு அரசன் உம்ரி சமாரியாவின் மலையை இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கித் தலைநகரம் கட்டியவன். அவன் செத்து வெகுகாலம் கழித்தும் அசீரியர்கள் அந்த நாட்டை "உம்ரியின் வீடு" என்றே குறித்தார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு 1 இராஜாக்கள் ஒதுக்கியிருப்பது சில வசனங்கள் மட்டுமே.

அப்படியென்றால் விக்கிரக ஆராதனைதான் முக்கியக் குற்றமா?

பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெத்தேலிலும் தாணிலும் யெரொபெயாம் வைத்த பொற்கன்றுகளிலிருந்து தொடங்கி, பாகால், அசேரா போன்ற அந்நிய தெய்வங்கள் என்று பட்டியல் நீளமானதுதான். ஆனால் உம்ரியின் மகன் ஆகாபின் கதையைக் கவனமாகப் படியுங்கள். அவன் மனைவி யேசபேல் பாகால் வழிபாட்டை நாட்டுக்குள் கொண்டுவந்தாள், கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியா அதை எதிர்கொண்டார் என்பதெல்லாம் முன்பே வந்துவிடுகிறது. ஆனால் ஆகாபின் வம்சம் வேரோடு போகும் என்று எலியா அவன் முகத்துக்கு நேரே சொல்வது ஒரு திராட்சத்தோட்டத்தில் வைத்துத்தான் (1 இராஜாக்கள் 21).

யெஸ்ரயேல் என்ற ஊரில் அரண்மனையை ஒட்டி நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சத்தோட்டம். அதைக் கீரைத்தோட்டமாக்க ஆகாப் ஆசைப்படுகிறான். பதிலுக்கு இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணம் தருகிறேன் என்கிறான். கேட்டவரை நியாயமான பேரம்தான். நாபோத் மறுக்கிறான். அது அவனுடைய பிதாக்கள் விட்டுப்போன சுதந்தரம், அதாவது பரம்பரைச் சொத்து. நிலம் கர்த்தருடையது, அதை நிரந்தரமாக விற்கக் கூடாது என்று லேவியராகமம் 25இல் இருக்கிறது. அரசன் வீட்டுக்குப் போய், கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறான்.

அப்புறம் நடப்பதைப் பாருங்கள். யேசபேல் கூலிப்படையை அனுப்பவில்லை. கடிதம் எழுதுகிறாள், ஆகாபின் பெயரில், ஆகாபின் முத்திரையோடு. ஊர் மூப்பர்களுக்குப் போகிறது. உபவாசம் கூறுங்கள், நாபோத்தை ஜனங்களின் முன்னிலையில் உட்காரவையுங்கள், இரண்டு பேரைச் சாட்சி சொல்ல நிறுத்துங்கள். ஏன் இரண்டு பேர்? மரண தண்டனைக்கு இரண்டு சாட்சிகளாவது வேண்டும் என்பது உபாகமச் சட்டம். தேவனையும் அரசனையும் தூஷித்தான் என்பது குற்றச்சாட்டு. அதற்குக் கல்லெறிதல் தண்டனை. ஒவ்வொரு படியும் சட்டப்படி நடக்கிறது. மூப்பர்களில் ஒருவர்கூட வாய் திறந்ததாகக் கதையில் இல்லை. நாபோத்தோடு அவன் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள் என்பதை 2 இராஜாக்கள் 9:26இல்தான் தெரிந்துகொள்கிறோம். வாரிசும் இல்லை, தோட்டம் அரசனுக்கு.

ஆகாப் தோட்டத்தைச் சுதந்தரித்துக்கொள்ள இறங்கி வரும்போது எலியா அங்கே நிற்கிறார். கொலையும் செய்து நிலத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார். கடிதம் எழுதியவள் யேசபேல், கல்லெறிந்தவர்கள் ஊரார். ஆனால் தீர்ப்பு ஆகாபை நீ என்று விரல் நீட்டுகிறது. முத்திரை அவனுடையது.

கர்த்தரைக் கைவிட்டதும் நாபோத்தைக் கொன்றதும் இந்தப் புத்தகத்தின் பார்வையில் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள். நிலத்தைக் கொடுத்த கர்த்தரை மறந்த அரசன், அந்த நிலத்தில் தன்னோடு வாழ்கிறவன் சகோதரன் என்பதையும் மறப்பான். தேவன் கோபித்துக்கொண்டார், தண்டித்தார் என்று மட்டும் ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த ஒரு அதிகாரத்தையாவது திரும்பப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆகாப் மனம் வருந்தியதும் தண்டனை மகன் காலத்துக்குத் தள்ளப்பட்டது. இது நியாயமா?

தீர்ப்பைக் கேட்டதும் ஆகாப் உடையைக் கிழித்து, இரட்டு (சாக்குத்துணி) உடுத்தி, உபவாசித்துத் தாழ்மையாய் நடந்துகொண்டான். அதனால் அவன் நாளில் தீங்கு வராது, அவன் மகனுடைய நாளில் வரும் என்று கர்த்தர் சொல்கிறார். அவ்வளவு கெட்டவனுடைய மனவருத்தத்துக்குக்கூட மதிப்பு இருந்தது என்பது ஒரு பக்கம். மகன் என்ன செய்தான் என்ற கேள்வி இன்னொரு பக்கம்.

ஆகாபே முழுதாகத் தப்பவில்லை. கீலேயாத்திலுள்ள ராமோத்தில் சண்டை. நானூறு தீர்க்கதரிசிகள் வெற்றி என்கிறார்கள். மிகாயா ஒருவர் மட்டும் தோல்வி என்கிறார், சிறைக்குப் போகிறார். ஆகாப் வேஷம் மாறிப் போர்க்களத்துக்குப் போகிறான். யாரோ ஒருவன் குறி பார்க்காமல் விட்ட அம்பு கவசத்தின் சந்தில் பாய்கிறது. சமாரியாவின் குளத்தில் இரதத்தைக் கழுவுகிறார்கள், நாய்கள் இரத்தத்தை நக்குகின்றன. மகன் யோராமும் பொல்லாப்புச் செய்தவன் என்றே பதிவு, தகப்பன் அளவுக்கு இல்லை என்ற குறிப்போடு. படைத்தலைவன் யெகூ அவனை அம்பெய்து கொன்று, உடலை நாபோத்தின் நிலத்திலேயே எறியச் சொல்கிறான்.

பிள்ளைகள் தலையில் இப்படி விழுவது சரியா என்ற கேள்வி அந்த வேதத்துக்குள்ளேயே எழுந்தது. பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசின என்று பாபிலோனியச் சிறையிருப்பில் மக்கள் பழமொழி சொன்னார்கள். இனி அதைச் சொல்லாதீர்கள், பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும் என்று எசேக்கியேல் 18 மறுக்கிறது. இரண்டு குரல்களும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து மழுப்பாமல், எசேக்கியேல் சொன்னதுதான் பின்னால் வந்த தெளிவு என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தீர்ப்பை நிறைவேற்றிய யெகூ செய்ததும் படுகொலைதானே?

ஆமாம். ஆகாபின் குமாரர் 70 பேரின் தலைகளைக் கூடைகளில் வரவழைத்து, யெஸ்ரயேலின் வாசலில் இரண்டு குவியலாக வைத்தான். யூதா அரசன் அகசியாவையும், வழியில் கண்ட அவனுடைய உறவினர் 42 பேரையும் கொன்றான். 2 இராஜாக்கள் 10 அவனுக்குப் பாராட்டும் சொல்லி, நாலாம் தலைமுறைவரை சிங்காசனமும் வாக்களிக்கிறது. ஆனால் பிற்பாடு வந்த தீர்க்கதரிசி ஓசியா, யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வம்சத்தின்மேல் விசாரிப்பேன் என்ற வார்த்தையோடுதான் தன் புத்தகத்தைத் தொடங்குகிறார். தீர்ப்பின் கருவியாக இருந்தவனும் விசாரணைக்குத் தப்பவில்லை. வன்முறைக்கு இந்தக் கதையை ஆதாரமாகக் காட்டுகிறவர்களிடம் ஓசியாவின் முதல் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

சவுல் தள்ளப்பட்டான், தாவீது மன்னிக்கப்பட்டான். தாவீதின் பாவம் பெரியதில்லையா?

பெரியதுதான். தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்தான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபோது அவனுக்கே கோபம் வருகிறது. நீயே அந்த மனுஷன் என்றதும் ஒரே வாக்கியத்தில் ஒத்துக்கொள்கிறான். சவுல் அப்படி இல்லை. அழிக்கச் சொல்லப்பட்ட அமலேக்கியரின் ஆடுமாடுகள் பின்னால் கத்திக்கொண்டிருக்கும்போதே கட்டளையை நிறைவேற்றினேன் என்கிறான். பிறகு ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான். கடைசியில், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலைக் கெஞ்சுகிறான்.

ஆனால் தாவீது தப்பித்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்று நாத்தான் சொன்னது அப்படியே நடக்கிறது. உரியாவின் மனைவிக்குப் பிறந்த குழந்தை சாகிறது. தாவீதின் மகன் அம்னோனை இன்னொரு மகன் அப்சலோம் கொல்கிறான். அப்சலோம் தகப்பனுக்கு எதிராகவே படை திரட்டிச் சாகிறான். மன்னிப்புக் கிடைத்தும் விளைவுகள் நிற்கவில்லை.

மிகக் கெட்டவனான மனாசே 55 ஆண்டுகள் ஆண்டான். நல்லவனான யோசியா 39 வயதில் செத்தான். இது என்ன கணக்கு?

இந்தப் புத்தகங்களிலேயே கடினமான இடம் இதுதான். எருசலேமை நாலுமூலை வரைக்கும் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பினான் என்று மனாசேயைப் பற்றி 2 இராஜாக்கள் 21 சொல்கிறது. யூதாவில் அவனைவிட நீண்டகாலம் யாரும் ஆளவில்லை. அவன் பேரன் யோசியா, ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கேட்டதும் உடையைக் கிழித்துக்கொண்டவன், வழிபாட்டு மேடைகளை இடித்தவன். அவனை கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோ கொன்றுவிட்டான்.

நாளாகமத்தை எழுதியவரை இது உறுத்தியிருக்க வேண்டும். மனாசே பாபிலோனுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கெஞ்சி ஜெபித்துத் திரும்பி வந்தான் என்று 2 நாளாகமம் 33 சொல்கிறது. நேகோவின் வாயிலாகத் தேவன் சொன்னதை யோசியா கேட்கவில்லை என்று 35ஆம் அதிகாரம் காரணம் காட்டுகிறது. இராஜாக்கள் புத்தகமோ யோசியாவின் மரணத்தை இரண்டொரு வசனத்தில் சொல்லிவிட்டுப் பேசாமல் போகிறது. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். நல்லவனுக்கு நீண்ட ஆயுள், கெட்டவனுக்கு உடனடி அடி என்ற வாய்ப்பாட்டுக்கு ஒத்துவராத இரண்டு வாழ்க்கைகளை அது திருத்தாமல் விட்டிருக்கிறது.

யோயாக்கீம் சுருளை எரித்த கதை என்ன?

எரேமியா 36. யோசியாவின் மகன் யோயாக்கீம் ஆளும்போது நடந்தது. தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக் ஒரு சுருளில் எழுதுகிறார். ஒன்பதாம் மாதம், உபவாச நாளில், ஆலயத்தில் வாசிக்கப்படுகிறது. அதிகாரிகள் கேட்டுப் பயந்து, நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள் என்று பாருக்கிடம் சொல்லிவிட்டு அரசனிடம் போகிறார்கள்.

குளிர்காலம். அரசன் குளிர்கால அரமனையில் கணப்புக்கு முன் உட்கார்ந்திருக்கிறான். யெகுதி என்பவன் சுருளை வாசிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும் அரசன் சூரிக்கத்தியை எடுத்து அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். இன்னும் கொஞ்சம் வாசிப்பு, இன்னொரு அறுப்பு. சுருள் முழுவதும் சாம்பலாகும்வரை இப்படியே. மூன்று பேர் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. யாரும் உடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி வருகிறது. தகப்பன் யோசியா புத்தகத்தைக் கேட்டு உடையைக் கிழித்தான், மகன் புத்தகத்தையே கிழித்தான். பாருக் மறுபடி எழுதினார், முன்னைவிடக் கூடுதலாக.

இவன்மேல் எரேமியா வைத்த குற்றச்சாட்டு 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கேதுரு மரப் பலகைகள் பதித்து, சாதிலிங்க வர்ணம் பூசி மாளிகை கட்டினாயே, வேலை செய்தவனுக்குக் கூலி கொடுத்தாயா? உன் தகப்பன் சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், அதுதானே என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் கேட்கிறார். பாகால் பெயரே அங்கே வரவில்லை. கர்த்தரை அறிவதென்றால் என்ன என்பதற்கு எபிரேய வேதத்தில் இதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை. இவனுக்குக் கழுதையைப் புதைப்பதுபோல்தான் அடக்கம் நடக்கும் என்று அந்தப் பகுதி முடிகிறது.

கடைசி அரசன் சிதேக்கியாவுக்கு ஏன் அவ்வளவு கொடூரமான முடிவு?

ரிப்லா என்ற இடத்தில் அவன் கண் முன்னே மகன்களை வெட்டினார்கள், பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள், வெண்கல விலங்கு போட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். கலகம் செய்த சிற்றரசனுக்கு பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் கொடுத்த தண்டனை அது. எசேக்கியேல் 17 இதை இன்னொரு கோணத்தில் பார்க்கிறது. பாபிலோன் அரசனுக்குத் தேவன் பெயரால் ஆணையிட்டுவிட்டு அதை மீறினான் என்பதே அங்கே குற்றம். அந்நியனுக்குக் கொடுத்த வாக்கானாலும் வாக்குதான்.

எரேமியா 34ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். முற்றுகையின்போது பயந்துபோய், எபிரேய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்கிறோம் என்று உடன்படிக்கை பண்ணினார்கள். எகிப்தின் படை வருவதாகச் செய்தி வந்து பாபிலோனியர் சற்று விலகியதும், விட்ட அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் விடுதலை கூறவில்லை, இதோ நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்று எரேமியா சொல்கிறார்.

இந்த அரசர்கள் உண்மையிலேயே இருந்தார்கள் என்பதற்கு வெளிச்சான்று உண்டா?

பலருக்கு உண்டு. கி.மு. 853இல் கர்கார் போரில் எதிரணியில் 2,000 இரதங்களோடும் 10,000 வீரர்களோடும் ஆகாப் நின்றான் என்று அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசரின் கல்வெட்டு சொல்கிறது. அதே மன்னனின் கருப்புத் தூணில் யெகூவின் கப்பம் பதிவாகியிருக்கிறது. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்று அசீரிய மன்னன் சனகெரிப் எழுதிவைத்தான். பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில், சிறையிருப்பில் இருந்த, யோயாக்கீமின் மகன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அரசர்களும் போர்களும் உண்மை என்று இவை காட்டும். அது தேவனுடைய தீர்ப்பா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. நாபோத்தைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசாது, அவனைப் போன்றவர்களுக்கு யாரும் தூண் நிறுத்தியதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தோற்றவர்கள் எழுதிக்கொண்ட விளக்கம்தானே இது?

கடைசி வடிவம் சிறையிருப்புக் காலத்தில் வந்தது என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். உபாகமம் முதல் இராஜாக்கள் வரை ஒரே நோக்கில் தொகுக்கப்பட்ட வரலாறு என்று ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் நோத் 1943இல் வாதிட்டார். அந்தக் கருத்தில் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை இன்னும் பேசப்படுகிறது. பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்தோம் என்று அந்தப் புத்தகமே அடிக்கடி சொல்கிறது.

தோற்றவர்கள் எழுதியது என்பது உண்மைதான். ஆனால் தோற்றவர்கள் வழக்கமாக எதிரியைத் திட்டுவார்கள், இல்லையென்றால் தங்கள் தெய்வம் பலவீனமானது என்று விட்டுவிடுவார்கள். இவர்கள் தங்கள் அரசர்களின் முத்திரையையும் கூலிக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். யூதர்கள் சாமுவேல், இராஜாக்கள் புத்தகங்களை வரலாறு என்று வகைப்படுத்தாமல் "முந்திய தீர்க்கதரிசிகள்" என்ற பிரிவில் வைத்திருப்பதும் அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

என் வீட்டில் நோயும் கஷ்டமும் வரும்போது, இதுவும் இப்படியொரு தீர்ப்பா?

இந்தக் கதைகளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே விசாரிக்கப்படுகிறவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். விசாரணைக்கு முன் தீர்க்கதரிசி வந்து குற்றத்தைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டுகிறார், திரும்ப அவகாசமும் கிடைக்கிறது. துன்பப்படுகிறவனைப் பார்த்து நீ பாவம் செய்திருப்பாய் என்று சொன்ன நண்பர்களைத் தேவன் கடிந்துகொண்டார் என்று யோபு புத்தகம் முடிகிறது. படுக்கையில் இருக்கிறவரிடம் ஆகாபின் கதையைக் கொண்டுபோவது, நாபோத்துக்குப் பதிலாக இன்னொரு எளியவன்மேல் கல்லெறிவதாகிவிடும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1 இராஜாக்கள் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கினால் ஆலயக் கட்டுமான அளவுகளில் சோர்ந்துவிடுவீர்கள். முதலில் உபாகமம் 17:14 முதல் 20 வரை. அடுத்து 2 சாமுவேல் 11, 12. பிறகு 1 இராஜாக்கள் 21, 22, அதோடு 2 இராஜாக்கள் 9. அங்கிருந்து எரேமியா 22, 34, 36. இவ்வளவும் ஒரு வாரத்தில் நிதானமாக முடியும். அதன் பிறகு 2 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்துக்குப் போனால், வடநாடு ஏன் விழுந்தது என்று அங்கே தரப்படும் நீண்ட விளக்கத்தை நாபோத்தையும் கூலி கிடைக்காத வேலையாட்களையும் மனதில் வைத்துப் படிக்கலாம்.